கேட்ச் பிடித்த பிறகு முதல் பேஸில் மூன்றாவது அவுட்: அந்த ரன் சேருமா?

பிளேட்டுக்குப் பின்னால் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆண்கள் ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால் லீக் (பந்தைக் கீழிருந்து மெதுவாக, வளைவாக ஏற்றிப் போடும் வகை), முழுக்க அமெச்சூர், வேலை முடிந்து வந்து ஆடுகிறவர்கள். எங்கள் அணிக்கு மேனேஜர் நான், ஸ்கோர் புத்தகம் எழுதுவதும் நான், கேட்சரும் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) நான். ஸ்லோ பிட்சில் கேட்சர் என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். பேஸ் திருடுவது கிடையாது, பண்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடுவது) கிடையாது, அதனால் ஓட முடியாதவனை நிறுத்திவைக்க அதைவிடப் பொருத்தமான இடமும் கிடையாது. ஒரே ஒரு வசதி, ரன் எடுக்க மிதிக்க வேண்டிய ஹோம் பிளேட்டில் நடப்பதை என்னளவு கிட்டத்தில் பார்ப்பவர் அம்பயர் மட்டும்தான். என் கேள்வியும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஆனால் வாரம் எப்படிப் போனது என்று சொன்னால்தான் எங்கள் ஆட்கள் ஏன் இவ்வளவு கொதிக்கிறார்கள் என்பது புரியும்.

மழையில் தள்ளிப்போன ஆட்டங்களையெல்லாம் சேர்த்து ஒரே வாரத்தில் போட்டுவிட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி.

திங்கட்கிழமை காற்று பிட்சரின் (பந்து போடுபவரின்) முகத்துக்கு நேராக அடித்தது. எங்கள் லீகில் பந்து குறைந்தது 6 அடி எழும்ப வேண்டும், 12 அடியைத் தாண்டக் கூடாது. எங்கள் பிட்சர் எப்போதும் அந்த 12 அடியை ஒட்டி ஏற்றி, பிளேட்டின் பின் ஓரத்தில் இறக்குகிறவர். அன்றைக்கு ஏற்றிய பந்தெல்லாம் காற்றில் நின்று பிளேட்டுக்கு முன்னாலேயே விழுந்தது. சரி என்று தாழ்வாகப் போட்டால் அம்பயர் கையை நீட்டி "இல்லீகல்" என்கிறார். வாக் (மோசமான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாக முதல் பேஸ்) மேல் வாக், அப்புறம் ஒரு ஹிட், மறுபடி வாக். 21-9. ஐந்தாவது இன்னிங்ஸோடு 12 ரன் வித்தியாச விதியில் ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். எதிரணி பிட்சருக்கும் அதே தொல்லை இருந்தது, ஆனால் எங்கள் ஷார்ட் ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்), அம்பயர் "இல்லீகல்" என்று சத்தமாகச் சொன்ன பந்தை விடாமல் சுற்றி, நேரே மேலே தூக்கி அவுட் ஆனார். "நீங்களே இல்லீகல் என்றீர்களே" என்று அவர் கேட்க, "நீங்கள்தான் அடித்துவிட்டீர்களே" என்றார் அம்பயர். அடித்தால் அடித்ததுதான், பந்து உயிரோடு இருக்கிறது. அந்த விதி எனக்குத் தெரியும், அதில் சண்டை இல்லை.

புதனன்று பத்து பேர் வேண்டிய இடத்தில் ஒன்பது பேர்தான் வந்தோம். பத்தாவது இடம் பேட்டிங் வரிசையில் வரும்போதெல்லாம் ஒரு அவுட். வேலி தாண்டும் ஹோம் ரன் ஓர் அணிக்கு மூன்றுதான், நான்காவது தாண்டினால் அடித்தவர் அவுட் என்பது எங்கள் லீக் விதி. மூன்றும் முடிந்துவிட்டது என்று ஸ்கோர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிக் கத்திக்கொண்டே இருந்தேன். எங்கள் முதல் பேஸ்காரர் காதில் வாங்கவில்லை. இரண்டு அவுட், இரண்டு பேஸில் ஆள், அவர் அடித்த பந்து வேலிக்கு மேலே இன்னொரு வேலி இருந்தாலும் தாண்டியிருக்கும். மட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, இரண்டாம் பேஸ் வரை நிதானமாக ஓடியிருப்பார். அப்போதுதான் எதிரணி ஆட்கள் எல்லோரும் பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தார். அங்கேயே நின்று, கிளவ்வை யாராவது கொண்டுவாருங்கள் என்று கையைக் காட்டினார். அப்படி இருந்தும் 12-11 என்று ஜெயித்தோம். கடைசி இன்னிங்ஸில் எங்கள் பிட்சரின் முழங்காலுக்குக் கீழே ஒரு லைன் டிரைவ் (நேராகப் பாய்ந்து வரும் அடி) விழுந்தது. நொண்டிக்கொண்டே முடித்துக் கொடுத்தார்.

இப்போது வெள்ளி. கடைசியான ஏழாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி (இரண்டாம் பாதி), எதிரணி பேட்டிங், நாங்கள் 14-13 முன்னால். ஒரு அவுட். மூன்றாம் பேஸிலும் முதல் பேஸிலும் ஆள். லெஃப்ட் ஃபீல்டின் ஆழத்துக்கு ஒரு ஃப்ளை (உயரே தூக்கிய பந்து). முதல் பேஸில் இருந்தவர் பந்து மட்டையில் பட்டதுமே கிளம்பிவிட்டார். எங்கள் லெஃப்ட் ஃபீல்டர் பிடிப்பார் என்று அவர் நம்பவில்லை, இந்த சீசனைப் பார்த்த யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் பிடித்துவிட்டார், ஓடிக்கொண்டே, தோளுக்கு மேலே. இரண்டு அவுட். மூன்றாம் பேஸ் ரன்னர் ஹோமுக்குக் கிளம்புகிறார், முதல் பேஸ் ரன்னர் இரண்டாம் பேஸுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று திரும்புகிறார் (கேட்சுக்கு முன் கிளம்பியவர் திரும்பிப் போய்த் தன் பேஸைத் தொட வேண்டும்). பந்து ஷார்ட் ஸ்டாப் கைக்கு வருகிறது. நான் "ஹோம், ஹோம்" என்கிறேன், முதல் பேஸில் இருந்து "இங்கே போடு" என்கிறார்கள். அவர் முதல் பேஸுக்கு எறிந்தார். அந்த ஆள் அவுட். மூன்று அவுட், அவர்கள் இன்னிங்ஸ் முடிந்தது.

ஓடி வந்தவர் எனக்கு ஒரு கை தூரத்தில்தான் இருந்தார். இடது கால் பிளேட்டின் முன் ஓரத்தில் பட்டு, அதன் மேல் கிடந்த மண் சிதறியது. அது நடந்த பிறகுதான் முதல் பேஸில் பந்து கிளவ்வில் விழுந்த சத்தம் கேட்டது. அரை வினாடிகூட இருக்காது, ஆனால் எது முதலில் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்பயர் பிளேட்டைக் காட்டி ரன் சேரும் என்றார். எங்கள் ஆட்கள் பாய்ந்துவிட்டார்கள். முதல் பேஸில் எடுத்த மூன்றாவது அவுட், ஃபோர்ஸ் அவுட், ரன் எப்படிச் சேரும் என்று. "இது டைம் பிளே" என்று சொல்லிவிட்டு அவர் பிளேட்டைத் துடைக்கக் குனிந்துவிட்டார். அந்த ரன்னால் 14-14. எட்டாவது இன்னிங்ஸை எங்கள் லீகில் இரண்டாம் பேஸில் ஓர் ஆளை நிறுத்தித் தொடங்குவோம். எங்களுக்குப் பூஜ்யம், அவர்களுக்கு ஒன்று. முடிந்தது.

இப்போது எங்கள் கேப்டனும் முதல் பேஸ்காரரும் புரோடெஸ்ட் (லீகுக்கு எழுத்தில் ஆட்சேபம்) எழுதித் தரச் சொல்லி என் உயிரை எடுக்கிறார்கள். விதி தப்பு என்று ஒரு பத்தி, அதோடு "ரன்னர் பிளேட்டை மிதிக்கும் முன் அவுட் ஆகிவிட்டது" என்று இன்னொரு பத்தி. "கேட்சர் நீயே எழுதினால் யார் மறுக்கப் போகிறார்கள்" என்கிறார்கள். இரண்டாவது பத்தியை நான் எழுத மாட்டேன், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது. முதல் பத்தியிலாவது நியாயம் இருக்கிறதா? அம்பயர் சொன்னது சரியா? இன்னொன்று, பிட்சருக்குக் கால் வீங்கித்தான் இருக்கிறது, ஆனாலும் அடுத்த வாரம் போடுகிறேன் என்கிறார். யாராவது புத்தி சொல்லுங்கள்.

இரண்டாம் பேஸ் எழுதியது:

டபுள் பிளேயில் (ஒரே பந்தில் இரண்டு அவுட்) முடிந்தால் ரன் கிடையாது. நாங்கள் எப்போதும் அப்படித்தான் ஆடுகிறோம். எழுதிக் கொடுங்கள் சார்.

நீலச்சட்டை எழுதியது:

நான் அம்பயராக நிற்கிறவன். மேலே நண்பர் சொன்னதைத்தான் வாராவாரம் எல்லா மைதானத்திலும் கேட்கிறேன். அது தப்பு. உங்கள் அம்பயர் சொன்னதுதான் சரி.

டபுள் பிளேயா இல்லையா என்பது கணக்கே இல்லை. மூன்றாவது அவுட் எந்த வகை என்பதுதான் கணக்கு. பேட்டர் முதல் பேஸைத் தொடும் முன் அவுட் ஆனாலோ, ஒரு ரன்னர் ஃபோர்ஸில் அவுட் ஆனாலோ, அந்தப் பிளேயில் யார் ஹோமுக்கு வந்திருந்தாலும் ரன் கிடையாது. மற்ற வகை அவுட் எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்க வேண்டும், அதுதான் டைம் பிளே. பிளேட்டை முதலில் மிதித்தால் ரன் உண்டு, அவுட் முதலில் விழுந்தால் ரன் இல்லை.

ஃபோர்ஸ் என்பது வரிசையில் பின்னால் நிற்பவன் தள்ளுவது மாதிரி. பேட்டர் முதல் பேஸுக்கு வருகிறான், அதனால் முதல் பேஸில் இருப்பவன் இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டும். உங்கள் ஆட்டத்தில் கேட்ச் பிடித்த உடனே பேட்டர் அவுட். பின்னால் தள்ள யாருமில்லை. முதல் பேஸ் ரன்னர் தன் பேஸிலேயே உட்கார்ந்திருக்கலாம். கேட்சுக்கு முன் கிளம்பியதால் திரும்பிப் போய்த் தொட வேண்டியிருந்தது, தொடுவதற்குள் பந்து போய்விட்டது. பேஸில் காலை வைத்து எடுக்கிற அவுட் என்பதால் பார்க்க ஃபோர்ஸ் போலவே இருக்கும், குழப்பமே அங்கேதான் வருகிறது. ஓடுகிறவரைத் தொட வேண்டியதில்லை, பேஸை மிதித்தாலே போதும் என்பது உண்மைதான். ஆனாலும் அது ஃபோர்ஸ் இல்லை.

இதையே தரையில் உருண்ட பந்தாக வைத்துப் பாருங்கள். அதே ஆட்கள், அதே ஒரு அவுட். ஷார்ட் ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸுக்கு, அங்கிருந்து முதல் பேஸுக்கு. மூன்றாவது அவுட் பேட்டர், அதுவும் முதல் பேஸைத் தொடும் முன். மூன்றாம் பேஸ் ரன்னர் அதற்குள் ஹோமுக்கு வந்து, தண்ணீர் குடித்து, பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியிருந்தாலும் ரன் கிடையாது. "டபுள் பிளேயில் ரன் இல்லை" என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பி எல்லா டபுள் பிளேக்கும் பரவிவிட்டது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னும் கஷ்டம், அங்கே கேட்ச் பிடித்தால் அந்தப் பந்தில் ரன்னே கிடையாது.

புரோடெஸ்ட் விஷயம். விதியைத் தப்பாகச் செயல்படுத்தினால் மட்டும்தான் புரோடெஸ்ட் செய்யலாம். கால் முதலில் பட்டதா, பந்து முதலில் வந்ததா என்பது அம்பயரின் தீர்ப்பு, அதற்கு மனு கிடையாது. ஆகவே உங்கள் நண்பர்கள் கேட்கும் அந்த இரண்டாவது பத்தி பொய்யாக இல்லாமல் உண்மையாகவே இருந்திருந்தாலும் குப்பைக்குத்தான் போயிருக்கும். இன்னொன்று, புரோடெஸ்ட் என்பதை அடுத்த பந்து போடும் முன் அங்கேயே அம்பயரிடம் சொல்ல வேண்டும். ஆட்டத்தின் கடைசிப் பிளே என்றால் அம்பயர்கள் மைதானத்தை விட்டு வெளியேறுவதற்குள். நீங்கள் ஒரு முழு எட்டாவது இன்னிங்ஸ் ஆடிவிட்டீர்கள். உங்கள் லீக் விதிப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், ஆனால் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும்.

அந்த ரன்னை அழிக்க ஒரே ஒரு வழி இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. மூன்றாம் பேஸ் ரன்னர், உங்கள் ஆள் கேட்ச் பிடிக்கும் முன்பே பேஸிலிருந்து காலை எடுத்தாரா? எடுத்திருந்தால் மூன்று அவுட் விழுந்த பிறகும் நீங்கள் மூன்றாம் பேஸில் அப்பீல் செய்திருக்கலாம். நான்காவது அவுட் என்று எண்ணிச் சிரிக்க வேண்டாம், விதியில் இருக்கிறது. அப்பீல் ஏற்கப்பட்டால் அந்த அவுட் மூன்றாவதாக எடுத்துக்கொள்ளப்பட்டு அவர் ரன் போய்விடும். ஆனால் உள்வட்ட ஆட்கள் களத்தை விட்டுப் போவதற்குள் கேட்க வேண்டும், அம்பயராகச் சொல்ல மாட்டார்.

ஸ்கோர் நோட்டு எழுதியது:

விதி பற்றி நீலச்சட்டை சொல்லிவிட்டார். புத்தகத்தில் எப்படி எழுதினீர்கள்? நிறைய பேர் இந்த இடத்தில் பேட்டருக்கு வெறும் அவுட் என்று போட்டுவிடுகிறார்கள். கேட்சுக்குப் பிறகு ரன் சேர்ந்ததால் அது சாக்ரிஃபைஸ் ஃப்ளை (தான் அவுட் ஆகி ரன் சேர்த்துக் கொடுத்த அடி). அவருக்கு ஒரு ஆர்பிஐ (அவர் அடித்ததால் வந்த ரன் என்ற கணக்கு) உண்டு, பேட்டிங் வாய்ப்புக் கணக்கில் சேராது. தரையில் உருண்டு வந்த டபுள் பிளேயில்தான் ஆர்பிஐ கொடுப்பதில்லை. டபுள் பிளேயை 7-6-3 (லெஃப்ட் ஃபீல்ட், ஷார்ட் ஸ்டாப், முதல் பேஸ் ஆகிய இடங்களின் எண்கள்) என்று எழுதுங்கள். ஸ்லோ பிட்சில் பத்து பேர் என்பதால் லெஃப்ட் சென்டர் 8, ரைட் சென்டர் 9, ரைட் ஃபீல்ட் 10 ஆகும், லெஃப்ட் மட்டும் 7 ஆகவே இருக்கும்.

ரன் கட்டத்தை நிரப்பிவிட்டு ஓரத்தில் "அவுட்டுக்கு முன்" என்று குறித்துவையுங்கள். சீசன் முடிவில் ரன் வித்தியாசம் பார்க்கும்போது யாராவது கிளறுவார்கள்.

வலது மூலை எழுதியது:

எனக்கு வயதாகிவிட்டது, இப்போது ரைட் ஃபீல்டில்தான் நிறுத்துகிறார்கள், அதனால் விதிச் சண்டைக்கு வரவில்லை. பிட்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

அவரை உட்கார வையுங்கள். கை தாராளமாகத் தாங்கும், கீழிருந்து மெதுவாகப் போடுகிற பந்து, வாரம் மூன்று ஆட்டம் ஒன்றும் பெரிதில்லை. பிரச்சினை கால். பிட்சர் நிற்கும் பலகைக்கும் பிளேட்டுக்கும் 50 அடி. போட்டு முடித்ததும் மூன்று நான்கு அடி பின்னால் ஓடிப்போய்க் குனிந்து நிற்க வேண்டும், அப்போதுதான் எதிர்வரும் பந்தைப் பார்க்க நேரம் கிடைக்கும். வீங்கின காலோடு யாரும் பின்னால் ஓட மாட்டார்கள். போட்ட இடத்திலேயே நிற்பார், அடுத்தது முழங்காலுக்குக் கீழே விழாது.

1887இல் சிகாகோவில் ஒரு படகுக் கிளப்புக்குள் குத்துச்சண்டைக் கிளவ்வைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக வைத்து, துடைப்பக் கட்டையால் அடித்து ஆரம்பித்த ஆட்டம் இது. இன்று கையில் இருப்பது காம்போசிட் மட்டை. பந்து வருகிற வேகத்துக்கும் பிட்சர் போடுகிற வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. சிகாகோவில் இன்றும் 16 அங்குலப் பந்தைக் கிளவ் இல்லாமல் ஆடுகிறார்கள், கோணல் விரலைப் பெருமையாகக் காட்டுவார்கள். நாம் ஆடுவது 12 அங்குலப் பந்து, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முகத்துக்கு மாஸ்க், காலுக்கு ஷின் கார்டு. ஆண்கள் அணியில் மாஸ்க் போட்டால் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும். நீங்கள் மேனேஜர்தானே? மாஸ்க் இல்லாமல் பந்து கையில் கிடையாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஷார்ட் ஸ்டாப்பையும் திட்டாதீர்கள். ஆழத்தில் பிடித்த பந்து ரிலே ஆகி வருவதற்குள் மூன்றாம் பேஸ் ரன்னர் வந்துவிடுவார். 65 அடி ஓட எவ்வளவு நேரம் ஆகப் போகிறது? நீங்கள் ஹோம் என்கிறீர்கள், உங்கள் முதல் பேஸ்காரர் இங்கே என்கிறார், நடுவில் நிற்கிறவன் என்ன செய்வான்? ஒரு ரன் முன்னால் இருக்கும்போது அந்த பேட்டர் வருவதற்கு முன்பே "ஆழமான ஃப்ளை என்றால் பந்து எங்கே" என்று நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். மொத்த ஆட்டத்தையும் எதிரில் பார்க்கிறவர் நீங்கள் ஒருவர்தான்.

பிளேட்டுக்குப் பின்னால் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீலச்சட்டை சார் எழுதியதை அப்படியே குழுவில் போட்டேன். கேப்டன் படித்துவிட்டு "சரி, விடு" என்றார். முதல் பேஸ்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பேஸை மிதித்து எடுத்த அவுட் எல்லாம் ஃபோர்ஸ்தான் என்கிறார். புதனன்று அடித்த ஹோம் ரன்னும் செல்லும் என்று சொல்கிறவர், அவரை விடுங்கள்.

பிட்சரிடம் பேசினேன். ஒரு வாரம் உட்காருகிறார். மாஸ்க் பற்றி முகத்தைச் சுளித்தார், ஆனால் வாங்கி வைத்தால் போட்டுப் பார்க்கிறேன் என்றார். அவர் இடத்தில் போட லெஃப்ட் சென்டர்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பந்து 12 அடியைத் தாண்டித்தான் போகும், வேறு ஆள் இல்லை. ஸ்கோர் நோட்டு, நான் சாக்ரிஃபைஸ் என்றுதான் எழுதியிருக்கிறேன், 7-6-3 கூடப் போட்டிருக்கிறேன். ஓரக் குறிப்பு இன்று எழுதிவிட்டேன்.

நான்காவது அவுட் விஷயம்தான் புதிதாகத் தீ வைத்துவிட்டது. எங்கள் மூன்றாம் பேஸ்காரர் அதைப் படித்ததிலிருந்து, அந்த ரன்னர் கேட்சுக்கு முன்பே காலை எடுத்தார், என் கண்ணால் பார்த்தேன், சத்தியம் என்கிறார். வெள்ளி ராத்திரி, சனி, ஞாயிறு எதிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

நீலச்சட்டை எழுதியது:

கேட்ச் பிடித்தபோது அவர் லெஃப்ட் ஃபீல்டைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, ரன்னரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று கேளுங்கள். இரண்டையும் பார்த்தேன் என்றால் அவரை எங்களிடம் அனுப்புங்கள், அம்பயர் பற்றாக்குறை இருக்கிறது.